தகட்டில் எழுதியது தங்குமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மனிதன் மறக்கப் பிறந்தவன். அந்த மறதியோடு போராடவே அவன் எழுத்தைக் கண்டான். கல்லில் வெட்டினான், செப்பேட்டில் பொறித்தான், ஓலையில் கீறினான், தாளில் அச்சிட்டான், காந்த நாடாவில் குரலைப் பதித்தான். இருபதாம் நூற்றாண்டு முடியும் வேளையில் தகட்டின்மேல் ஒளியாலேயே எழுதக் கற்றான். அறிவியல் தந்த வியப்புகளுள் இது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் நாம் அறிவியல் மாணவர்கள் ஆகமாட்டோம். எழுதியது எவ்வளவு காலம் தங்கும் என்றும் கேட்க வேண்டும்.

தேசூருக்கு அருகில் சீயமங்கலம் என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் அங்கே இருக்கிறது. அவனிபாஜன பல்லவேச்சுரம் என்பது அதன் பெயர். அப்பெயரைச் சொல்லும் கல்வெட்டு அக்குடைவரையிலேயே உள்ளது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மழையையும் வெயிலையும் கண்ட எழுத்து அது. இன்றும் படிக்க வருகிறது. அதே தேசூரில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தின் டி.வி.டி. தகட்டை இன்று போட்டுப் பாருங்கள். சில வீடுகளில் அது ஓடும். சில வீடுகளில் மாப்பிள்ளை அழைப்பு வரை ஓடிவிட்டுத் தாலி கட்டும் நேரத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். சில வீடுகளில் தகடு நன்றாகவே இருக்கும். போட்டுப் பார்க்கத்தான் கருவி இராது.

எழுதும் கருவி முன்னேறியது. எழுத்தின் ஆயுளோ குறைந்தது. ஏன் இப்படி? தகடு என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பவை ஒரே பொருள் அல்ல என்பதே முதற்காரணம். அவற்றின் வேற்றுமையை நமக்கு விற்றவர் சொல்லவில்லை. வாங்கிய நாமும் கேட்கவில்லை. அந்த வேற்றுமையை விளக்குவதும், அதனால் நம்மேல் விழும் கடமையைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டையும் தகடும்

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தகட்டின் தத்துவம் புதிதன்று. நம் பட்டுத் தறிகளின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருக்கிறது. அதில் துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்துத் தொங்குகின்றன. துளை இருந்தால் ஊசி நுழையும்; பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லையேல் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே செய்திகளால் மயிலும் மாங்காயும் முந்தானையில் பூத்துவிடுகின்றன.

பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு இக்கருவியை 1804-ஆம் ஆண்டில் அமைத்தார். 1839-இல் அவருடைய உருவப் படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அப்பட்டுப் படம் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கும் துளை அட்டைகளையே தேர்ந்தார். கணிப்பொறியின் பாட்டன் வீடு தறிக்கூடம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

டி.வி.டி. தகடும் அந்த வழி வந்ததே. துளைக்குப் பதில் அதில் பள்ளம்; ஊசிக்குப் பதில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். தகட்டின் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் வரை ஒரே சுருளாகத் தடம் ஓடுகிறது. அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடையே 0.74 மைக்ரான் தொலைவுதான். பட்டுப்புழு உமிழும் இரட்டை இழைகளுள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 10 மைக்ரான். அந்த ஓர் இழையின் அகலத்துக்குள் 13 தடங்கள் அடங்கிவிடும்! அச்சுருளை நூலாகப் பிரித்து நீட்ட முடியுமானால் அது 12 கிலோமீட்டர் அளவுக்கு நீளும். நல்ல பட்டுக்கூடு ஒன்றில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இழை. பன்னிரண்டு கூடுகளின் இழை ஒரு தகட்டில் சுற்றிக் கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

நெருக்கமான அச்சில் நெய்தால் ஒரே அகலத்தில் மிகுதியான இழைகள் கிடைக்குமல்லவா? அதே கணக்குதான் இங்கும். பழைய குறுந்தகட்டில் 780 நானோமீட்டர் லேசர். தட இடைவெளி 1.6 மைக்ரான், கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட். டி.வி.டி.யில் 4.7 ஜிகாபைட். அடுத்து வந்த புளூ-ரேயில் 405 நானோமீட்டர் ஊதா லேசர், 0.32 மைக்ரான் இடைவெளி, 25 ஜிகாபைட். ஒளியின் அலைநீளம் குறையக் குறைய எழுத்து பொடியாகிறது, கொள்ளளவு பெருகுகிறது.

இங்கே ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். உறையில் 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்கும். கணிப்பொறியில் போட்டால் 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் எண்ணியதுண்டு. உண்மை அதுவன்று. உற்பத்தியாளர் 470 கோடி பைட்டை ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். கணிப்பொறி 1024 என்னும் எண்ணால் மூன்று முறை வகுக்கிறது. பண்டம் ஒன்றே, படிதான் வேறு.

அச்சுத் தகடும் எழுது தகடும்

முதன்மையான வேற்றுமை இதுதான். திரைப்படம் வரும் தகடு வேறு. கல்யாணக் காட்சி வரும் தகடு வேறு.

திரைப்படத் தகடு ஆலையில் அச்சில் வார்க்கப்படுகிறது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் பள்ளங்களோடு வார்த்து, அதன்மேல் அலுமினியம் பூசுகிறார்கள். அதன் அடிப்புறம் வெள்ளியாக மின்னும். பள்ளம் அப்பிளாஸ்டிக்கின் உருவத்திலேயே இருப்பதால் எளிதில் அழியாது.

நாம் வீட்டிலும் ஸ்டுடியோவிலும் எழுதும் தகட்டில் பள்ளமே இல்லை. பிளாஸ்டிக்குக்கும் உலோகப் பூச்சுக்கும் இடையே கரிமச் சாயம் ஒன்று மெல்லிய படலமாகப் பூசப்பட்டுள்ளது. வலிய லேசர் பட்ட இடத்தில் சாயம் வெந்து அதன் ஒளித்தன்மை மாறுகிறது. வாசிக்கும் லேசர் அந்த மாற்றத்தைப் பள்ளமென்று எடுத்துக்கொள்கிறது. தகட்டின் அடிப்புறம் ஊதா நிறமாகத் தெரிந்தால் அது சாயத் தகடு என்று அறியலாம்.

சாயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு உண்மை விளங்கிவிடும். வெயிலில் காய்ந்தால் சாயம் வெளுக்கும், ஈரத்தில் கெடும், மட்டமான சாயம் விரைவில் போகும். பட்டு நூலுக்கு உள்ள விதியே தகட்டுக்கும். சாயம் போன சேலையையாவது உடுத்தலாம். சாயம் போன தகட்டை என்ன செய்வது?

நம் நாட்டிலேயே இவ்விருவகைத் தகடுகளும் பெருமளவில் உருவாயின. 1983-இல் தொடங்கிய மோசர் பேயர் நிறுவனம் நெகிழ்வட்டும், பிறகு குறுந்தகடும், டி.வி.டி.யும் செய்து உலகின் பெரிய தகட்டு உற்பத்தியாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது. வெற்றுத் தகடும் விற்றது. தமிழ்த் திரைப்படங்களை 34 ரூபாய்க்கு டி.வி.டி.யாகவும் விற்றது. ஒரே பெயர் தாங்கிய இரு தகடுகள் ஒரே அலமாரியில் கிடந்தன. ஒன்று வார்த்தது, மற்றொன்று சாயம் பூசியது. அவற்றின் ஆயுளும் ஒன்றென்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. அந்நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் ஆணை பிறந்தது. தகட்டைச் செய்தவரே இல்லை. தகடு மட்டும் நம் பீரோவில் இருக்கிறது.

கூட்டலும் கழித்தலும்

எழுது தகடுகளிலும் பல வகை உண்டு. கடையில் மைனஸ் ஆர் வேண்டுமா, பிளஸ் ஆர் வேண்டுமா என்று கேட்டார்கள். இது தரத்தைக் குறிக்கும் குறி என்று எண்ணியவர் பலர். கூட்டல் என்றால் உயர்ந்தது, கழித்தல் என்றால் தாழ்ந்தது என்று விலை வைத்தவர்களும் உண்டு. உண்மையில் அவை இரு வணிகக் கூட்டணிகளின் கொடிகள்.

மைனஸ் ஆர் முந்தியது. ஜப்பானின் பயனியர் நிறுவனம் 1997-இல் அதனை வெளியிட்டது. முதலில் அதன் கொள்ளளவு 3.95 ஜிகாபைட்டாக இருந்து பின்னர் 4.7 ஆயிற்று. டி.வி.டி. மன்றம் என்னும் அமைப்பு இதனை ஏற்றது. பிலிப்ஸ், சோனி முதலிய நிறுவனங்கள் தனிக் கூட்டணி அமைத்துக்கொண்டு பிளஸ் வகையைக் கொண்டுவந்தன. பிளஸ் ஆர் 2002-இல் சந்தைக்கு வந்தது. இரண்டும் ஒரே அளவு; ஒரே கொள்ளளவு; ஒரே சிவப்பு லேசர். எழுதுமுன் லேசர் தன் இடத்தை அறிந்துகொள்ளத் தகட்டில் அமைத்திருக்கும் வழிகாட்டிக் குறிகள் மட்டும் வேறுவேறு. பிளஸ் வகையின் குறிமுறை சற்றுத் திருத்தமானது. மைனஸ் வகை பழைய கருவிகளில் மிகுதியாக ஓடக்கூடியது. வேற்றுமை இவ்வளவே.

இந்தச் சிறு வேற்றுமைக்காக உலகம் முழுவதும் மக்கள் சில ஆண்டுகள் அலைந்தார்கள். ஒரு கருவியில் எழுதிய தகடு மற்றொன்றில் ஓடவில்லை. பிறகு இரண்டையும் ஏற்கும் எழுதிகள் வந்தன. சண்டையின் சூடு தணிந்தது. யார் வென்றார்? எவரும் வெல்லவில்லை. செலவழித்தவர் வாங்கியவர். ஒரே அங்குலத்துக்கு இரண்டு அளவுகோல் விற்பதைப் போன்ற இச்செயலை முன்னேற்றம் என்று நான் சொல்லமாட்டேன். பொது மக்களின் நினைவைத் தாங்கப்போகும் பொருளுக்குப் பொது அளவு வகுத்த பின்னரே கடைக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

இவையன்றி இரட்டை அடுக்குத் தகடுகளும் உண்டு. பிளஸ் வகையில் 2004-இலும் மைனஸ் வகையில் 2005-இலும் வந்தன. ஒரே பக்கத்தில் இரண்டு சாயப் படலங்கள். மேல் அடுக்கை ஊடுருவி அடுத்ததைப் படிக்க லேசர் குவியத்தை மாற்றிக்கொள்கிறது. கொள்ளளவு 8.5 ஜிகாபைட். இடம் மிகுதி, விலையும் மிகுதி, படிக்கும் கருவிக்கு வேலையும் மிகுதி. ஆதலால் இரண்டு சாதாரணத் தகடுகளே போதுமென்று பலர் இருந்துவிட்டனர்.

ஓலையும் சிலேட்டும்

நம் முன்னோர் இருவகை எழுத்தை அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி அழித்துப் பழகினர். தேர்ந்த பின் ஓலையில் எழுத்தாணியால் கீறினர். மணல் பழகுவதற்கு, ஓலை வைத்துக் காப்பதற்கு. இரண்டையும் அவர்கள் மாற்றிப் போட்டதில்லை.

ஆர் என்று முடியும் தகடுகள் ஓலை போன்றவை. ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். ஆர்.டபிள்யூ. என்று முடியும் தகடுகள் சிலேட்டு போன்றவை. எழுதலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம். இவற்றில் சாயம் இல்லை. வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் சேர்ந்த உலோகக் கலவையை இவற்றில் பரவலாகப் பயன்படுத்தினார்கள். அக்கலவை படிக நிலையில் ஒளியை நன்கு திருப்பும். வலிய லேசரால் உருக்கிச் சட்டென்று குளிரவிட்டால் ஒழுங்கற்ற நிலையில் உறைந்து மங்கலாகும். மிதமான சூடு கொடுத்தால் மீண்டும் படிகமாகும். நம் பாடநூலில் படிகத் திண்மம், படிகமற்ற திண்மம் என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த இரண்டு சொற்களும் இங்கே ஒரு திரைப்படத்தையே தாங்கி நிற்கின்றன.

இத்தகட்டில் ஏறத்தாழ 1,000 முறை அழித்து எழுதலாம் என்றார்கள். 1998-இல் வந்த டி.வி.டி. ராம் என்னும் மற்றொரு வகையில் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்றார்கள். அழித்தெழுதும் தகடுகள் ஒளியைத் திருப்பும் அளவு குறைவு. ஆகவே பழைய கருவிகள் சில அவற்றை அறியாமல் திகைத்தன. ராம் வகையோ அதற்கென்று அமைந்த கருவிகளில் மட்டும் ஓடியது.

இதில் பொதுமக்கள் அறிய வேண்டியது ஒன்றே. கைப்பிழையால் அழிந்துவிடக் கூடாத ஒன்றைச் சிலேட்டில் எழுதி வைக்காதீர்கள். பாட்டியின் குரலைக் காக்க நினைப்பவர் ஒருமுறை எழுதும் தகட்டையே நாட வேண்டும். எழுதிய பின் அத்தகட்டை முடித்து மூடும் வேலையும் உண்டு. ஃபைனலைஸ் என்று திரையில் கேட்பது அதுதான். அதைச் செய்யாமல் விட்ட தகடு எழுதிய கருவியில் ஓடும். மற்ற வீட்டுக் கருவியில் ஓடாது. சேலையை நெய்து முடித்தும் தறியிலிருந்து அறுக்காமல் விட்டதற்கு அது ஒப்பாகும்.

தேய்வது தெரியாது

நேற்று ஓடியதே, இன்று ஏன் ஓடவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். இதற்கு விடை கணிதத்தில் இருக்கிறது.

தகட்டில் கீறலும் தூசியும் விழும் என்பதைச் செய்தவர்கள் அறிவார்கள். ஆகவே செய்தியோடு கூடுதல் எண்கள் சிலவற்றையும் சேர்த்தே எழுதுகிறார்கள். ரீடு, சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட முறை அது. சில எழுத்துகள் அழிந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு கருவி கணக்கிட்டு இட்டு நிரப்பிவிடும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சுப் போட்டு நெய்துகொண்டே போகிறார். வாங்குபவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. நூறு இழை ஒன்றாக அறுந்தால்? முடிச்சு போட இடமேது? துணியில் ஓட்டை விழும்.

தகட்டின் நிலையும் அதுவே. சாயம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மங்குகிறது. கருவி அதைத் திருத்தித் திருத்தி நம்மிடமிருந்து மறைக்கிறது. திருத்தக்கூடிய எல்லையைத் தாண்டிய நாளில் படம் உடைகிறது. ஆகவே, இன்று ஓடுகிறது என்பது தகடு நலமாயிருப்பதற்குச் சான்றாகாது. ஓடும்போதே படி எடுத்தவருக்குத்தான் அது மிஞ்சும்.

யாருக்கு இழப்பு?

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இவ்வகுப்பறைகளில் என்னைப் போன்றவர்கள் பலர் இருக்கிறோம். வழிவழியாகப் படித்த குடும்பங்களில் தாத்தா எழுதிய கடிதம் இருக்கும், நாட்குறிப்பு இருக்கும், அவர் பெயர் அச்சான புத்தகம்கூட இருக்கும். எங்கள் வீட்டில் எழுத்தென்று இருப்பவை குடும்ப அட்டை, கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகம், பத்திரம் ஒன்று. என் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் பாடிய நலங்குப் பாட்டு ஒரு கல்யாணத் தகட்டில் மூன்று நிமிடம் இருக்கிறது. அவர் உலகத்தில் விட்டுச்சென்ற எழுத்து அது ஒன்றுதான்.

அந்தத் தகட்டைப் படமெடுத்த ஸ்டுடியோவில் மூலம் இருக்குமா என்று விசாரித்தோம். இரண்டு ஆண்டுக்குமேல் எதையும் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு அது முடிந்துபோன ஒரு வேலை. நமக்கு?

ஆகவே தகடு அழிவது செல்வர் வீட்டு இழப்பு அன்று. எழுதப் படிக்கத் தெரியாத தலைமுறை முதன்முதலாகத் தன் குரலையும் முகத்தையும் விட்டுச்சென்றது இந்த ஊதாத் தகடுகளில்தான். இரவெல்லாம் நடந்த தெருக்கூத்து, தறியில் பழைய முறையில் பூ எடுத்த முதியவரின் கைவேகம், ஊர்த் திருவிழா, இறந்துபோன அண்ணனின் சிரிப்பு, எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அரசர் எழுதியது கல்லில் நின்றது. நெசவாளர் வீட்டார் எழுதியது சாயத்தில் நிற்கிறது.

மறுப்புகளுக்கு ஒரு விடை

இக்காலத்தில் தகடு எதற்கு, பென் டிரைவும் கைப்பேசியும் இணையச் சேமிப்பும் இருக்கின்றனவே என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்ப்போம்.

பென் டிரைவில் செய்தி மின்னூட்டமாகச் சிறைப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் மின்சாரமே காட்டாமல் பெட்டியில் போட்டுவைத்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். அதை ஒரு வைரஸோ ஒரு தவறான விரலோ நொடியில் அழித்துவிடும். கைப்பேசி தொலையும், உடையும். இணையச் சேமிப்போ வாடகை வீடு. வாடகையும் கடவுச்சொல்லும் உள்ளவரை நம் வீடு. இல்லாதபோது பிறர் வீடு. வீட்டில் அந்தக் கடவுச்சொல்லை அறிந்தவர் ஒருவரே என்றால், அவருக்குப் பின்?

ஒருமுறை எழுதும் தகட்டுக்கு இக்குறைகள் இல்லை. வைரஸ் அதில் புக முடியாது; வாடகை இல்லை; மின்சாரம் வேண்டாம். அதற்குள்ள குறைகள் வேறு: சாயம் மங்கும்; படிக்கும் கருவி அருகி வருகிறது. இன்று விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் தகடு போடும் இடமே இல்லை. சோனி நிறுவனம் எழுதும் புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று இதனால் அறியலாம்.

ஆகவே என் முடிவு இது. எந்த ஒரு பொருளையும் நம்பி இருக்கக் கூடாது. எந்த ஒன்றையும் முற்றிலும் தள்ளிவிடவும் கூடாது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அதற்குமுன் ஊர் ஊராக ஏடுகளைத் தேடி, பல படிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அந்நூல் அவர் கைக்கு எட்டியது ஓலையின் வலிமையால் மட்டுமா? இல்லை. ஓலை செல்லரிக்கும் என்று அறிந்த யாரோ பலர், பல ஊர்களில், பல தலைமுறைகளாகப் படி எடுத்துக்கொண்டே வந்தார்கள். தமிழ் பிழைத்தது அவர்கள் எடுத்த படிகளால்.

நம் காலத்திலும் சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு காக்க, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்கே நூல்களை நுண்படச் சுருளில் படி எடுத்தார்கள். அதைப் படிக்க ஒரு விளக்கும் ஓர் உருப்பெருக்கியும் இருந்தால் போதும். நாளை எந்த நிறுவனம் மூடினாலும் ஒளியும் வில்லையும் மூடப்போவதில்லை. நீண்ட நாள் காக்க நினைப்பவர் பின்பற்ற வேண்டிய அறிவு இது.

நாம் செய்யத் தக்கது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கையிலுள்ள நினைவை அளக்காமலேயே ஆற்றில் போட்டுக்கொண்டிருக்கிறோம். இதை நிறுத்தப் பெரும்பொருள் தேவையில்லை.

வீட்டளவில் செய்ய வேண்டியவை சில. தகட்டை விளிம்பில் பிடித்து எடுங்கள்; வளைக்காதீர்கள். இரு மெல்லிய தட்டுகளை ஒட்டிச் செய்ததே டி.வி.டி.; வளைத்தால் ஒட்டு விடும். வெயில் படும் சன்னலோரத்திலும், டி.வி.க்குப் பின்னால் சூட்டிலும் வைக்காதீர்கள். உறையிலிட்டு நூல் போல நிமிர்த்தி வையுங்கள். மேலே காகிதம் ஒட்டாதீர்கள். தகடு சுழலும்போது நிறை சாயும். பெயர் எழுதுவதானால் நடுவிலுள்ள தெளிவான வளையத்தில் மென்முனைப் பேனாவால் எழுதுங்கள். புதிதாக எழுதுவதானால் நல்ல தகட்டில், அவசரமில்லாத மிதமான வேகத்தில் எழுதி, எழுதியதை ஒருமுறை முழுதும் ஓட்டிப் பாருங்கள்.

படி எடுக்கையில், காட்சியைச் சுருக்கி வேறு வடிவுக்கு மாற்றுவதற்கு முன், தகட்டில் உள்ளதை உள்ளபடியே ஐ.எஸ்.ஓ. என்னும் முழுப் படிமமாக எடுத்துவைப்பது நல்லது. மூன்று படிகள், இரண்டு வகைப் பொருள், ஒரு படி வேறு வீட்டில். இக்கணக்கைக் கணிப்பொறித் துறையினர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு வன்தட்டு, ஒரு புதிய தகடு, வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டில் மூன்றாவது. இதற்கு மேல் ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

கல்லூரியளவில் செய்ய வேண்டியதை நம் பேராசிரியப் பெருமக்களிடம் பணிவோடு வைக்கிறேன். இயற்பியல் துறையும் கணிப்பொறித் துறையும் நூலகமும் சேர்ந்து ஒரு சிறு படியெடுப்பு மேசை அமைக்கலாம். யு.எஸ்.பி. வழி இணையும் தகட்டு இயக்கி ஒன்றும், வன்தட்டு இரண்டும் போதும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாமுக்குப் போகும்போது ஊராரிடம் சொல்லலாம். தகட்டைக் கொண்டுவருபவருக்கு அன்றே படி எடுத்துத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக் காட்சி வீட்டாருக்கே உரியது. அவர் இசைந்தாலன்றி ஒரு படியும் நம்மிடம் தங்கக் கூடாது. கூத்து, நெசவு, முதியோர் பேச்சு ஆகியவற்றை இசைவு பெற்று நூலகத்தில் வைக்கலாம். பிற்காலத்தில் இம்மாவட்டத்தின் வரலாற்றை எழுத வருபவருக்கு அது புதையலாகும்.

ஆய்வக ஏட்டில் அலைநீளம் கண்டுபிடித்து மதிப்பெண் வாங்குகிறோம். நல்லதுதான். அதே அலைநீளம் நம் வீட்டுப் பீரோவில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் இயற்பியல்தான். தறியில் உட்கார்ந்து நம்மைப் படிக்கவைத்தவர்களுக்கு நாம் திருப்பித் தரக்கூடியது என்ன? வேலை கிடைத்த பின் பணம் தருவோம், அது நாளைக்கு. அவர்கள் முகத்தையும் குரலையும் காத்துத் தருவது இன்றைக்கே முடியும்.

தோழர்களே, வரும் விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். ஊதாத் தகடு எது, வெள்ளித் தகடு எது என்று பிரியுங்கள். ஊதாவை முதலில் படி எடுங்கள். வெள்ளித் தகட்டுக்கு அவசரமில்லை. அந்தப் படம் வேறெங்காவது கிடைக்கும். ஊதாத் தகட்டில் இருப்பது உலகத்தில் வேறெங்கும் இல்லை.